சின்ன விமானங்களில் றேடியோப் பிழைகள்: “றொஜர்” எண்டு சொன்னாப் போதுமோ?

வடமராட்சியான்:

வணக்கம் உறவுகளே. 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறபட்ட பிறகு எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கு விமானம் ஓட்டிற ஆசை வந்திருக்கிறதை நேரில காணுறன். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில பழகிற பிள்ளையள் லீவில வரேக்க என்னட்டையும் வந்து கதைப்பினம். நானும் அங்கதான் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தனான். இப்ப பள்ளிக்கூடத்தில பௌதிகம் படிப்பிக்கிறன். பிள்ளையள் எஞ்சினைப் பற்றிக் கேப்பினம், தரையிறக்கத்தைப் பற்றிக் கேப்பினம், பக்கக்காற்றைப் பற்றிக் கேப்பினம். றேடியோவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. அது கதைக்கிறதுதானே, பழகப் பழக வரும் எண்ட நினைப்பு. எனக்கு அதுதான் கவலை. அதால இந்த இழை.

முதல்ல அந்தக் கருவி எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கவேணும். பொத்தானை அமத்திக்கொண்டு இருக்கிற ஆளுக்குக் காது இல்லை. அவர் விடுமட்டும் அவருக்கு ஒண்டும் கேக்காது. 118 தொடக்கம் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையில, ஏ.எம். எண்ட பழைய பண்பேற்ற முறையிலதான் இண்டைக்கும் உலகம் முழுக்கக் கதைக்கினம். இரண்டு பேர் ஒரே நேரத்தில அமத்தினா மற்றாக்களுக்கு ஒரு கீச்சுச் சத்தம்தான் கேக்கும். அமத்தின இரண்டு பேருக்கும் தங்கட பேச்சு அழிஞ்சு போனது தெரியாது. சொல்லியாச்சு எண்ட நினைப்பில அடுத்த வேலையைப் பாப்பினம். எஃப்.எம். எண்டால் பலமான அலை மற்றதை முழுசா விழுங்கிப்போடும், ஒருத்தருக்கும் சந்தேகமே வராது. ஏ.எம்மில அந்தக் கீச்சாவது கேக்கும். அதைக் கேட்ட ஆர் எண்டாலும் “இரண்டு பேர் ஒண்டாக் கதைச்சவை” எண்டு உடன சொல்லவேணும். எங்கட ஆக்கள் பேசாமல் இருக்கினம்.

ஒரு விபத்தைச் சொல்லுறன். 1996 நவம்பர் 19, அமெரிக்காவில இலினோய் மாநிலத்துக் குவின்சி. விமானங்களுக்கு அனுமதி குடுக்கிற கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையம். பின்னேரம், இருட்டுப்படுற நேரம். யுனைரெட் எக்ஸ்பிரஸின்ர பீச் 1900 பயணிகள் விமானம் ஒண்டு 13ஆம் ஓடுபாதையில இறங்க வருது. அதைக் குறுக்கறுக்கிற 04ஆம் ஓடுபாதையின்ர நுனியில ஒரு கிங் எயார் விமானம் புறப்பட நிக்குது. அதுக்குப் பின்னால செரோக்கி எண்ட ஒரு சின்ன விமானம். இறங்க வாறவை, “04இல நிக்கிற விமானம் புறப்படப் போகுதோ, நிக்கப் போகுதோ?” எண்டு கேக்கினம். கிங் எயார் பதில் சொல்லேல்லை. பின்னால நிண்ட செரோக்கி விமானிதான் தன்ர பதிவெண்ணைச் சொல்லி, நிக்கிறன் எண்டு பதில் சொன்னார். அந்த நேரம் பார்த்து இறங்கிற விமானத்துக்குள்ள உயர எச்சரிக்கைக் குரல் “இருநூறு” எண்டு குறுக்க விழுந்தது. அவை கேள்வி கேட்டது கிங் எயாரை. பதிலும் கிங் எயாரிட்டை இருந்துதான் வந்தது எண்டு எடுத்துக்கொண்டு நன்றியும் சொல்லிப்போட்டு இறங்கிச்சினம். கிங் எயார் ஓடத் தொடங்கினது. சந்தியில இரண்டும் மோதினது. 14 பேர் செத்தவை. பயணிகள் விமானத்தில இருந்தவையில கனபேர் மோதலில சாகேல்லை. கதவு திறபடேல்லை, நெருப்பும் புகையும்தான் கொண்டது.

விசாரணை முதல்ல கிங் எயார் விமானிகளைத்தான் சொன்னது: அலைவரிசையைக் கவனிக்கேல்லை, வெளியிலயும் ஒழுங்காப் பாக்கேல்லை. செரோக்கியின்ர அந்தக் குறுக்கிட்ட பதிலும் ஒரு காரணமாப் பதிவாச்சு. செரோக்கி விமானி கெட்ட எண்ணத்தில ஒண்டும் செய்யேல்லை. உதவி செய்யத்தான் வாய் திறந்தார். ஆனா தான் கிங் எயார் இல்லை, அதுக்குப் பின்னால நிக்கிறன் எண்டு சொல்லேல்லை. அந்த நன்றி ஆருக்கு எண்டும் ஒருத்தரும் திருத்தேல்லை.

றேடியோவில நாங்கள் கேக்கிறது பெரும்பாலும் நாங்கள் எதிர்பாத்ததைத்தான். இதுதான் என்ர பக்கம். மற்றவை எழுதுங்கோ.

மார்க்கம்வாசி:

அண்ணை, நல்ல இழை. நான் ரொறன்ரோவுக்கு வடக்க பட்டன்வில்லில பழகினனான். 2023 நவம்பர் 30ஓட அந்த நிலையத்தை மூடிப்போட்டினம், இப்ப ஒஷாவா பக்கம் பறக்கிறன். கோபுரம் இல்லாத நிலையங்கள் கனடாவில ஏராளம். நாங்களே எங்கட இடத்தைச் சொல்லி, மற்றவை சொல்லுறதைக் கேட்டு, ஆளாளுக்கு விலத்திப் பறக்கிறதுதான். குவின்சிக் கதையை எங்களுக்கு முதல் மாதமே சொல்லித் தந்தவை.

நான் சொல்ல வாறது வாயால விடுற பிழையை இல்லை, கையால விடுறதை. செஸ்னா 172 எண்ட பயிற்சி விமானத்தின்ர பனலை எடுங்கோ. இரண்டு றேடியோ. ஒவ்வொண்டிலயும் இரண்டு எண் தெரியும்: ஒண்டு இப்ப வேலை செய்யிறது, மற்றது காத்திருக்கிறது. குமிழைத் திருகினா மாறுறது காத்திருக்கிற எண். அம்புக்குறி போட்ட பொத்தானை அமத்தினாத்தான் அது முன்னுக்கு வரும். புது அலைவரிசையை வடிவாத் திருகி வைச்சிட்டு, அந்தப் பொத்தானை மறந்து, பழைய கோபுரத்திட்டையே புதுக் கோபுரத்தின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுற ஆக்கள் எத்தினை பேர். அதுக்கு மேல இன்னொரு பலகை இருக்கு, எந்த றேடியோவில கதைக்கிறது, எந்த றேடியோவைக் கேக்கிறது எண்டு தெரிவு செய்ய. முதலாவதைக் கேட்டுக்கொண்டு இரண்டாவதில கதைக்கலாம், கருவி தடுக்காது. பதில் வராது. உடன “கோபுரம் பதில் சொல்லுதில்லை” எண்டு முடிவு கட்டுவினம்.

சத்தக் குமிழ் இன்னொண்டு. தானியங்கி வானிலை அறிவிப்பைக் கேக்கேக்க பக்கத்தில இருக்கிற ஆளோட கதைக்கச் சத்தத்தைக் குறைப்பினம். பேந்து கூட்டுறேல்லை. பத்து நிமிசம் அமைதி. அலைவரிசை அமைதியாத்தான் இருக்கு எண்டு நினைப்பினம். நிறைய விமானம் பறக்கிற ஒரு சனிக்கிழமையில பத்து நிமிசம் ஒரு சத்தமும் இல்லையெண்டா அது சந்தேகப்படவேண்டிய அமைதி.

பொத்தான் சிக்குப்படுறது இதெல்லாத்தையும் விடப் பொல்லாதது. யோக்கில (விமானத்தைத் திருப்பிற பிடியில) இருக்கிற சின்னப் பொத்தான் அமந்தபடி நிண்டா, ஒரு விமானம் முழு அலைவரிசையையும் அடைச்சுப்போடும். மற்றவை எல்லாரும் உங்கட எஞ்சின் சத்தத்தையும் நீங்கள் பக்கத்தில இருக்கிறவரோட கதைக்கிறதையும் கேட்டுக்கொண்டிருப்பினம். உங்களுக்கு மட்டும் தெரியாது, ஏனெண்டா உங்களுக்குக் காது இல்லை. றேடியோவில அலை போகேக்க ஒரு சின்ன எழுத்தோ விளக்கோ எரியும். கதைச்சு முடிச்சாப் பிறகு அது அணைஞ்சதோ எண்டு கண்ணால பாக்கிறதைப் பழக்கமாக்குங்கோ.

பழைய கோபுரம்:

வணக்கம். நான் நீண்ட காலம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கே என்பது இங்கு தேவையில்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பொத்தானை அமத்திய பிறகுதான் பலர் யோசிக்கத் தொடங்குவார்கள். “ஆ… கோபுரம்… ம்… இது வந்து…” என்று இழுத்து, புறப்பட்ட இடம், போகும் இடம், காலநிலை எல்லாம் சொல்லி, கடைசியில் தன் அழைப்புப் பெயரை மறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் இறுதி அணுகலில் உள்ள ஒரு விமானத்தைத் திருப்பி மேலே ஏற்ற வேண்டி வந்தால் என்னால் வாய் திறக்க முடியாது. யாரைக் கூப்பிடுகிறீர்கள், நீங்கள் யார், எங்கே நிற்கிறீர்கள், என்ன வேண்டும். இந்த நான்கும் இந்த வரிசையில் வந்தால் முதல் அழைப்புக்குப் போதும். மீதியைத் தேவையென்றால் நாங்கள் கேட்போம்.

இன்னொரு பழக்கம், அமத்தியதும் அதே கணத்தில் பேசத் தொடங்குவது. முதல் அசை காற்றில் போய்விடும். அழைப்புப் பெயரின் முன்பாதி வெட்டுப்பட்டு, கடைசி எழுத்து மட்டும் வரும். பயிற்சிப் பள்ளி விமானங்களின் பதிவெழுத்துகள் அடுத்தடுத்து ஒரே மாதிரி இருக்கும். “…பிராவோ” (றேடியோவில் “பி” எழுத்தின் பெயர்) என்று மட்டும் கேட்டால் வானத்தில் உள்ள எந்த பிராவோ என்று எனக்கு எப்படித் தெரியும்? அமத்தி, அரைச் செக்கன் விட்டு, பிறகு பேசுங்கள். அழைப்புப் பெயரை நீங்களாகச் சுருக்கவும் கூடாது. கட்டுப்பாட்டாளர் முதலில் சுருக்கினால்தான் நீங்கள் சுருக்கலாம். பெயர் ஒத்த இன்னொரு விமானம் அதே அலைவரிசையில் இருப்பது அவருக்குத்தான் தெரியும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். நான் “ஓடுபாதை 22க்கு வெளியே நில்லுங்கள்” என்று சொல்கிறேன். விமானி “றொஜர்” என்கிறார். அந்த வார்த்தைக்கு “நீர் சொன்னது எனக்குக் கேட்டது” என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. என்ன கேட்டது என்று அதில் இல்லை. நில்லுங்கள் என்று கேட்டதா, நுழையுங்கள் என்று கேட்டதா? ஓடுபாதைக்குள் நுழைவது, இறங்குவது, புறப்படுவது, குறுக்கறுப்பது, அதற்கு வெளியே நிற்பது, பாவனையில் உள்ள ஓடுபாதை, உயரமானி அமைப்பு, மட்டம், திசை, வேகம், ட்ரான்ஸ்பொண்டர் (ராடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) இலக்கம் ஆகியவற்றைச் சொன்னபடியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி அது. திருப்பிச் சொல்வது கட்டுப்பாட்டாளருக்குக் காட்டும் மரியாதை அல்ல. பிழையைப் பிடிக்க எங்களிடம் இருக்கும் வலை அது ஒன்றுதான்.

அந்த வலையும் இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்கும். 1989 பெப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங்கை நோக்கி ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம். கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொல்லி “டூ ஃபோர் சீரோ சீரோ” என்றார். முதல் “டூ”வை விமானிகள் இலக்கமாக எடுக்கவில்லை. “இந்த உயரத்துக்கு” என்ற சொல்லாக எடுத்தார்கள். “ஓகே, ஃபோர் சீரோ சீரோ” என்று திருப்பியும் சொன்னார்கள். பிழை அப்பட்டமாக அலைவரிசையில் கிடந்தது. கட்டுப்பாட்டாளர் பிடிக்கவில்லை. விமானம் மலையில் மோதியது. நான்கு பேரும் இறந்தார்கள். இதைப் படித்த பிறகு, திருப்பிச் சொல்வதைக் கேட்கும்போது கையில் உள்ள பேனையைக்கூட நான் அசைத்ததில்லை.

சுன்னாகத்தார்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு விமானத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. என்ர மகள் இரத்மலானையில பழகிறா. எழுத்துச் சோதனையில நல்ல புள்ளி. ஆனா கோபுரம் கதைச்சா விளங்கேல்லை, திரும்பக் கேக்கவும் வெக்கமா இருக்கு எண்டு சொல்லுறா. தமிழ்மொழியில படிச்ச பிள்ளை. கொழும்பில இங்கிலீசு மீடியத்தில படிச்ச பிள்ளையள் டக் டக்கெண்டு பதில் சொல்லுதுகளாம். அப்ப இது இங்கிலீசுப் பிரச்சினைதானே? இங்கிலீசு ரியூசன் ஒண்டு வைச்சாச் சரிவருமோ? காசு பிரச்சினை இல்லை, பிள்ளை பத்திரமா இருக்கவேணும்.

வடமராட்சியான்:

ஐயா, உங்கட பயம் விளங்குது. ஆனா இது இங்கிலீசுப் பிரச்சினை எண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டன். குவின்சியில எல்லாரும் இங்கிலீசைத் தாய்மொழியாக் கொண்ட ஆக்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின்ர தெனரீஃப் தீவில 583 பேர் செத்தது இரண்டு 747 மோதி. டச்சு விமானி புறப்படுறம் எண்ட மாதிரி ஒண்டைச் சொல்ல, கோபுரம் “ஓகே” எண்டது, மிச்சம் அந்தக் கீச்சுக்குள்ள போச்சு. அதுக்குப் பிறகுதான் “ரேக் ஓஃப்” (புறப்படுறது) எண்ட சொல்லை அனுமதி குடுக்கேக்கையும் அனுமதியை மீளப்பெறேக்கையும் தவிர ஒருத்தரும் வாயில எடுக்கக் கூடாது, மற்ற நேரம் “டிப்பாச்சர்” எண்டு ஆக்கினவை. “அஃபர்மேற்றிவ்” (ஓம்) எண்டதை “அஃபர்ம்” எண்டு வெட்டினதும் இதால்தான். முன்பாதி அழிஞ்சா அதுவும் “நெகற்றிவ்”வும் (இல்லை) ஒரே வால். கொச்சை இங்கிலீசைத் தவிர்க்கத்தான் இந்தச் சொற்களைச் செதுக்கி வைச்சிருக்கினம். இலக்கணம் தேவையில்லை. ஒரு சில நூறு சொல். தமிழ்மொழியில படிச்ச பிள்ளை அதைச் சுத்தமாப் பழகினா, சரளமா இழுத்துக் கதைக்கிற பிள்ளையை விடப் பாதுகாப்பு.

காவிரிக்கரை:

வடமராட்சி அண்ணா, மன்னிக்கணும், இதுல உங்களோட மாறுபடுறேன். நான் திருச்சிக்காரன், பயிற்சி விமானத்துல பாடம் சொல்லிக் கொடுக்கிறவன். வழக்கமான நாள்ல நீங்க சொல்றது சரி. வழக்கம் மாறினா அந்த சில நூறு சொல் போதாது.

1996 நவம்பர் 12, ஹரியானாவுல சர்க்கி தாத்ரி. சவூதி 747ம் கஸகஸ்தான் இலியூஷினும் நடுவானத்துல மோதி 349 பேர் போனாங்க. கஸக் விமானம் 15,000 அடியில நிக்கணும், அதுக்கும் கீழ இறங்கிடுச்சு. அதுல ரேடியோ பேசினது தனி ஆள், ஓட்டினது வேற ஆளுங்க. ஓட்டினவங்களுக்கு ஆங்கிலம் சரியா ஓடலன்னு விசாரணையிலயே வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஐகாவோ மொழித் திறன் சோதனையையே கொண்டு வந்தது. ஆறு நிலை, நாலாவது நிலை இருந்தாத்தான் பறக்கலாம், மூணு வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப எழுதணும். ஆறாவது வாங்கினா திரும்ப எழுத வேண்டாம். அந்தச் சோதனையில வெறும் ரேடியோ வாக்கியம் கேக்கறதில்ல. படத்தைக் காட்டி என்ன நடக்குதுன்னு சொல்லச் சொல்வாங்க.

இன்னொண்ணு. 1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவுலருந்து வந்த அவியாங்கா 707 எரிபொருள் தீர்ந்து விழுந்துச்சு, 73 பேர். ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருக்க வெச்சாங்க. துணை விமானி “எங்களுக்கு முன்னுரிமை வேணும்”னு சொன்னாரு, எரிபொருள் தீருதுன்னும் சொன்னாரு. “மேடே”ன்னு சொல்லல. கேட்ட கட்டுப்பாட்டாளருக்கு அது சாதாரண வேண்டுகோளாப் பட்டுச்சு. அந்த ஒரு வார்த்தை வாயில வரலைங்கிறது மொழியா, பயமா, கூச்சமா? என்னைக் கேட்டா மூணும். அதனால சுன்னாகம் ஐயா, டியூஷன் வைங்க. ஆனா இலக்கணப் புத்தகம் வெச்சு இல்ல. ஆங்கிலத்துல ஒரு சம்பவத்தைக் கேட்டு அதைச் சுருக்கித் திருப்பிச் சொல்ற பழக்கம் வரணும்.

வடமராட்சியான்:

தம்பி, அவியாங்கா விசயத்தில நீங்கள் சொல்லுறதை ஏற்றுக்கொள்ளுறன். இடைஞ்சல் வந்த நேரத்தில சொந்தமா வசனம் கட்டத் தெரியவேணும். ஆனா அந்த நேரத்துக்குமே செதுக்கின சொல்தான் முதல்ல வரவேணும் எண்டதைத்தான் உங்கட கதையும் காட்டுது. சின்ன விமானக்காரருக்கு இது இன்னும் கூடுதலாப் பொருந்தும். பலாலியில வடக்க திரும்பினா கடல். ஒற்றை எஞ்சின். அது இருமத் தொடங்கினா “சின்னப் பிரச்சினை ஒண்டு போல கிடக்கு, திரும்பி வரலாமோ” எண்டு தாழ்மையாக் கேக்கிறது எங்கட வளர்ப்பு. அது வேண்டாம் பிள்ளையள். உயிருக்கு ஆபத்து எண்டா “மேடே” மூண்டு தரம். ஆபத்து இன்னும் முழுசா வரேல்லை, ஆனா உதவி வேணும் எண்டா “பான் பான்” மூண்டு தரம். கதைச்சுக்கொண்டிருக்கிற அலைவரிசையிலேயே சொல்லுங்கோ. அங்க ஆரும் இல்லையெண்டா 121.5. ட்ரான்ஸ்பொண்டரில 7700. சொன்னதுக்காகப் பேந்து ஒருத்தரும் பிடிச்சுச் சிறையில போடமாட்டினம்.

அதிலயும் முதல்ல விமானத்தை ஓட்டுங்கோ, பிறகு எங்க போறது எண்டு பாருங்கோ, மூண்டாவதுதான் றேடியோ. மூக்கு மேல போய் வேகம் குறைஞ்சுகொண்டிருக்கேக்க கோபுரத்துக்குப் பதில் சொல்ல மெனக்கெடக் கூடாது. கோபுரம் காத்திருக்கும்.

பறக்கப்போறன்:

வணக்கம். நான் கோப்பாய். இப்பதான் பயிற்சி தொடங்கியிருக்கிறன். சுன்னாகம் ஐயாவின்ர மகள் சொன்ன அதே வெக்கம் எனக்கும் இருக்கு. “சே அகெய்ன்” (திரும்பச் சொல்லுங்கோ) எண்டு இரண்டாம் தரமும் கேட்டாக் கட்டுப்பாட்டாளர் கோவிக்கமாட்டாரோ? வீட்டில இருந்து எப்பிடிப் பழகிறது?

பழைய கோபுரம்:

பிள்ளை, கேளுங்கள். இரண்டாம் தரமல்ல, நான்காம் தரமும் கேளுங்கள். விளங்காததை விளங்கினது போலத் திருப்பிச் சொன்னால்தான் கட்டுப்பாட்டாளருக்கு வயிறு கலங்கும். வேகமாகப் பேசினால் “மெதுவாகச் சொல்லுங்கள்” என்று கேட்பதற்கும் ஒழுங்கான வாசகம் இருக்கிறது: “ஸ்பீக் ஸ்லோவர்”. ஒரு பகுதி மட்டும் விடுபட்டால் அந்தப் பகுதியை மட்டும் கேட்கலாம். பயிற்சி மாணவர் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் நாங்கள் இரண்டு அறிவுறுத்தலை ஒரே மூச்சில் கொடுக்க மாட்டோம்.

திட்டுகிற கட்டுப்பாட்டாளர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. அலைவரிசையில் ஒரு மாணவியை அதட்டினால் அடுத்த முறை அவள் விளங்காமலே “றொஜர்” என்பாள். அது விமானியின் பிழையாகப் பதிவாகும். செய்தது கோபுரம். என் துறையினர் இதைப் படித்தால் மனதில் எடுக்கவேண்டும்.

மார்க்கம்வாசி:

தங்கச்சி, வீட்டில பழகிறது சுகம். முற்றத்தில சோக்கட்டியால ஓடுபாதையையும் அதைச் சுற்றிப் பறக்கிற சுற்றுவட்டத்தையும் கீறுங்கோ. கையில செக்லிஸ்ற், அதில நடந்துகொண்டே ஒவ்வொரு மூலையிலயும் சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொல்லுங்கோ. தம்பி தங்கச்சி ஆரையும் கோபுரமா நிப்பாட்டி, இடைக்கிடை எதிர்பாராத ஒண்டைச் சொல்லச் சொல்லுங்கோ. “இறங்காதே, சுற்று” எண்டு. மனப்பாடம் பண்ணின பதிலை விட்டுட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுற பழக்கம் அப்பத்தான் வரும். குறிப்புக் கொப்பி முழங்காலில கட்டியிருக்கவேணும். இலக்கம் காதில விழேக்கையே எழுதுங்கோ. வசனமா வேண்டாம், ஓடுபாதைக்கு ஒரு இலக்கம், உயரமானிக்கு ஒரு இலக்கம், அவ்வளவுதான்.

உயரமானி எண்டவுடன ஞாபகம் வருது. இங்க வட அமெரிக்காவில உயரமானியில வைக்கிற காற்றமுக்கத்தைப் பாதரச அங்குலத்தில சொல்லுவம், அங்க ஹெக்ரோபஸ்காலில. புயல் நேரத்தில “நைன் நைன் டூ” எண்டு கேட்ட அமெரிக்கப் பழக்கக்காரர் அதை 29.92 அங்குலம் எண்டு வைச்சா, அது 1013 ஹெக்ரோபஸ்கால்; உண்மையான 992 ஹெக்ரோபஸ்காலுக்கும் அதுக்கும் 21 வித்தியாசம். கிட்டத்தட்ட 600 அடி. உயரமானி காட்டுறதை விட 600 அடி கீழ பறந்துகொண்டிருப்பார். இங்க பழகிப்போட்டு ஊருக்கு வந்து பறக்க ஆசைப்படுற எங்கட பெடியள் கவனிக்கவேணும்.

வடமராட்சியான்:

நல்ல விசயம் அக்கா. எங்கட பக்கத்துப் பிழையள் இரண்டும் சொல்லுறன்.

முதலாவது காற்று மாறுறது. பலாலி ஓடுபாதை 05/23 (ஒரே ஓடுபாதையின்ர இரண்டு நுனி; இலக்கம் அதின்ர திசை, 05 எண்டா 50 பாகை). சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசிற மாதங்களில நாளாந்தம் 23ஐத்தான் கேப்பியள். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினா 05. மாறுற கிழமையில காது 05 எண்டு கேக்கும், வாய் பழக்கத்தில 23 எண்டு திருப்பிச் சொல்லும், கை இன்னொண்டு செய்யும். இரத்மலானை 04/22இலயும் இதே கதைதான். அணுகத் தொடங்க முதல் திசைகாட்டியில ஓடுபாதைத் திசையை வைச்சு, கேட்ட இலக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

இரண்டாவது இடம் சொல்லுறது. “கீரிமலைக்கு மேல நிக்கிறன்” எண்டா எனக்கு விளங்கும், கோபுரத்துக்கும் விளங்கும். சென்னையில இருந்து வாற ஏரிஆர் பயணிகள் விமானத்தின்ர விமானிக்குக் கீரிமலை எங்க எண்டு தெரியாது. அவரும் அதே அலைவரிசையிலதான் இருக்கிறார், உங்களைத் தேடிறார். “கிழக்க 10 மைல், பருத்தித்துறைக்கு மேல, 1,500 அடி, உள்ளுக்கு வாறன்” எண்டு திசையும் தூரமும் உயரமும் சொன்னால் எல்லாருக்கும் படம் கிடைக்கும். ஊர்ப்பேர் அதுக்குப் பிறகு.

இன்னொண்டு, நாங்கள் கதைக்கிற இந்த வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில போறது. 2,000 அடியில பறந்தா ஏறக்குறைய 55 கடல் மைல்தான், கோபுர அன்ரெனாவின்ர உயரத்துக்கு இன்னும் கொஞ்சம். இரத்மலானையில இருந்து வரேக்க மதவாச்சிக்கு மேல தாழப் பறந்துகொண்டு பலாலியைக் கூப்பிட்டாப் பதில் வராது. றேடியோ பழுதில்லை, பூமி மறைக்குது. ஏறுங்கோ, இல்லாட்டி பொறுங்கோ.

சுன்னாகத்தார்:

உண்மையிலேயே றேடியோ பழுதாப் போனா என்ன செய்யிறது? இதை வாசிச்சாப் பிறகு அந்தப் பயமும் வந்திட்டுது.

பழைய கோபுரம்:

பயப்படாதீர்கள் ஐயா. றேடியோ இல்லாமல் விமானம் விழாது. முதலில் ஹெட்செற்றின் முளை முழுதாகச் செருகியிருக்கிறதா, சத்தம், அலைவரிசை, மற்ற றேடியோ எல்லாம் பார்க்கவேண்டும். முந்தைய அலைவரிசைக்குத் திரும்பிக் கேட்டுப் பார்க்கவேண்டும். மின்னாக்கி நின்று பற்றரியில் ஓடும்போது ஒரு அடையாளம் தெரியும்: கேட்பது கேட்கும், பொத்தானை அமத்தினால் பனல் விளக்கு மங்கும். பேசுவதற்குத்தான் மின்சாரம் கூடத் தேவை. அப்போது தேவையற்ற விளக்குகளை அணைத்து, பேச்சைக் குறைத்து, கிட்டிய நிலையத்துக்குப் போகவேண்டும்.

ட்ரான்ஸ்பொண்டரில் 7600 வைத்தால் ராடாரில் தெரியும். கேட்கவில்லை என்றாலும் பேசிப் பாருங்கள், உங்கள் குரல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பிறகு கோபுரத்தைப் பாருங்கள். நிலையான பச்சை விளக்கு இறங்கலாம். நிலையான சிவப்பு, மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்று. மின்னும் சிவப்பு, நிலையம் பாதுகாப்பில்லை, இறங்காதே. மின்னும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா. கண்டதற்கு அடையாளமாகப் பகலில் இறக்கையை ஆட்டவேண்டும். இதைப் பயிற்சியில் சோதனைக்கு மட்டும் படித்து மறந்துவிடுகிறார்கள். முடிந்தால் பயிற்றுநரிடம் சொல்லி, கோபுரத்திடம் ஒரு நாள் விளக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வேலை குறைந்த நேரத்தில் மறுக்க மாட்டார்கள்.

பறக்கப்போறன்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. கடைசியா ஒண்டு. கட்டுப்பாட்டு வலயத்துக்குள்ள வரக் கேட்டா “ஸ்ராண்ட்பை” (பொறுங்கோ) எண்டு மட்டும் சொல்லுவினம். அப்ப நுழையலாமோ, கூடாதோ? அதுக்குப் பதில் சொல்லவேணுமோ? என்னோட பழகிற ஒருத்தர், அமெரிக்காவில பறந்தவர், நுழையலாம் எண்டுறார்.

காவிரிக்கரை:

அவர் சொல்றது அங்க சரிம்மா. அமெரிக்காவுல டி வகுப்பு (கோபுரம் இருக்கிற நிலையத்தைச் சுத்தின) வான்வெளியில கட்டுப்பாட்டாளர் உங்க அழைப்புப் பெயரைச் சொல்லி “ஸ்டாண்ட்பை”ன்னு சொல்லிட்டா தொடர்பு ஏற்பட்டதாக் கணக்கு, நுழையலாம். பெயர் சொல்லாம வெறும் “ஸ்டாண்ட்பை”ன்னா அங்கயும் கூடாது. ஐகாவோ முறையில சி, டி வகுப்புக்குள்ள வர அனுமதி வேணும். அனுமதின்னு காதுல விழுந்தாத்தான் அனுமதி.

பழைய கோபுரம்:

தம்பி சொன்னதுதான். “ஸ்ராண்ட்பை”க்குப் பதில் சொல்ல வேண்டாம், அலைவரிசையை விடுங்கள். எல்லைக்கு வெளியே தெளிவாகத் தெரியும் ஓரிடத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு நில்லுங்கள். தெற்கிலிருந்து வந்தால் ஆனையிறவு வசதி, உப்பளம் மேலிருந்து நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று நிமிடத்தில் கூப்பிடவில்லை என்றால் நீங்கள் திரும்பக் கூப்பிடுங்கள். உங்களை மறந்திருக்கவும் கூடும்.